முன் சீட்டில் யார்? வேமோவும் டெஸ்லாவும்

ஓட்டுநர் இல்லாத கார் என்று யாராவது பேச்செடுத்தால் நான் முதலில் கேட்பது, முன் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஓடும், கூகுள் குழுமத்து வேமோ நிறுவனத்தின் டாக்ஸியில் முன்னால் யாரும் இல்லை. ஸ்டீயரிங் தன் பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும், பின் சீட்டில் பயணி தூங்கினாலும் தப்பில்லை. 2025 ஜூன் 22 அன்று டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் டெஸ்லா தன் ரோபோடாக்ஸியை, அதாவது ஓட்டுநர் இல்லாத டாக்ஸியைத் தொடங்கியபோது அங்கும் ஓட்டுநர் சீட் காலிதான். ஆனால் பக்கத்துச் சீட்டில் நிறுவனத்தின் ஆள் ஒருவர் இருந்தார், ஏதாவது ஏடாகூடமானால் வண்டியை நிறுத்துவதற்கு. கடையில் வாங்கும் டெஸ்லாவிலோ அந்த ஆள் நீங்கள்தான். அதில் வரும் வசதிக்கு 'முழுத் தானோட்டம்' என்று பெயர் வைத்தார்கள், 2024இல் அதன் வாலில் 'கண்காணிப்புடன்' என்று ஒரு சொல்லையும் ஒட்டினார்கள். ஓட்டுநர் வேண்டாம் என்கிறது பெயர், வேண்டும் என்கிறது வால்.

வண்டி எப்படிப் பார்க்கிறது என்பதில்தான் இரண்டுக்கும் அடிப்படைச் சண்டை. வேமோ ஓட்டும் ஜாகுவார் ஐ-பேஸில் 29 கேமரா, 5 லைடார், 6 ரேடார். லைடார் என்பது லேசர் ஒளியை வீசி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் கருவி. இருட்டோ வெளிச்சமோ, எதிரில் ஒரு பொருள் எத்தனை அடியில் இருக்கிறது என்று அது அளந்தே சொல்லும். டெஸ்லா லைடார் பக்கமே போகவில்லை. இருந்த ரேடாரையும் 2021இல் கழற்ற ஆரம்பித்தது. மனிதன் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டுதானே ஓட்டுகிறான், காருக்குக் கேமரா போதாதா என்பது டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க்கின் வாதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்வெயில் கண்ணில் அடித்தால் மனிதன் கையைக் குடையாகப் பிடிப்பான், தலையைச் சாய்ப்பான், ஒன்றும் தெரியாவிட்டால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுப்பான். கண்கூசும் வெயில், மூடுபனி, புழுதி ஆகியவற்றில் நடந்த நான்கு மோதல்களை வைத்துத்தான் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2024 அக்டோபரில் சுமார் 24 லட்சம் டெஸ்லா கார்கள் மீது விசாரணை தொடங்கியது. அவற்றில் ஒன்றில் நடந்துபோனவர் ஒருவர் இறந்துவிட்டார்.

சரி, கேமரா மட்டும் என்பதில் லாபம் இல்லாமலும் இல்லை. விலை குறைவு. அதனால் லட்சக்கணக்கில் விற்க முடிகிறது, எந்த ஊர்ச் சாலையிலும் போட்டுப் பார்க்க முடிகிறது. வேமோ ஒரு ஊருக்குள் நுழைவதற்கு முன் தெருத் தெருவாக வரைபடம் எடுத்தாக வேண்டும். 2009இல் கூகுளின் திட்டமாகத் தொடங்கியது, அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் பக்கம் ஆள் இல்லாத வண்டியில் பொதுமக்களை ஏற்றியது 2020 அக்டோபரில். சாதாரணப் பயணிகளுக்கு நெடுஞ்சாலைப் பயணத்தைத் திறக்க 2025 நவம்பர் ஆகிவிட்டது. மஸ்க்கோ, 2020க்குள் பத்து லட்சம் ரோபோடாக்ஸி என்று 2019இலேயே சொல்லிவிட்டார்.

பாதுகாப்புக் கணக்குக்கு வருவோம். ஆள் இல்லாமல் ஓடிய 5.67 கோடி மைல்களை வைத்து வேமோ ஓர் ஆய்வு வெளியிட்டது. அதே ஊர்களில் மனிதர்கள் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் கடுமையான காயம் ஏற்படும் விபத்துகள் 85 சதவீதம் குறைவு, பாதசாரிகள் காயம்படுவது 92 சதவீதம் குறைவு. எழுதியவர்கள் நிறுவனத்தின் ஆட்கள் என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. அமெரிக்கச் சாலைகளில் பத்துக் கோடி மைலுக்கு 1.26 பேர் என்ற அளவில் இறக்கிறார்கள் (2023 கணக்கு). 5.67 கோடி மைலில் சராசரி மனித ஓட்டுநர்களுக்கே ஒரு சாவுகூடக் கணக்கில் வராது. ஆக, காயம் குறைகிறது என்று தைரியமாகச் சொல்லலாம், சாவைப் பற்றி அந்த ஆய்வை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

டெஸ்லாவும் இத்தனை லட்சம் மைலுக்கு ஒரு விபத்து என்று எண்களை வெளியிடுகிறது. அதை இதன் பக்கத்தில் வைக்கவே முடியாது. மோதப் போகிற நொடியில் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பிய மனிதர் அந்தக் கணக்கில் எங்குமே தெரிய மாட்டார். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தித் திருத்தி எழுத வைத்த விடைத்தாளுக்குப் பையன் பெயரில் மார்க் போட்ட மாதிரி.

அதற்காக வேமோவைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸில் ஒரு பிக்கப் லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அது பின்பக்கமாக, கோணலாக இழுபட்டுப் போனது. அது எந்தப் பக்கம் போகும் என்று தப்புக்கணக்குப் போட்ட ஒரு வேமோ அதில் இடித்தது. சில நிமிடம் கழித்து வந்த இன்னொரு வேமோவும் அதே லாரியில் இடித்தது! மனிதர்களில் ஒருவர் தப்பு செய்தால் அடுத்து வருபவரும் அதையே செய்வார் என்று இல்லை. இங்கே எல்லா வண்டிக்கும் ஒரே மூளை. திருத்தினால் எல்லாம் ஒன்றாகத் திருந்தும் என்பது அதன் மறுபக்கம். நின்றுகொண்டிருந்த பள்ளிப் பேருந்தைச் சட்டத்தை மீறித் தாண்டிப் போனதற்காக 2025 டிசம்பரில் எல்லா வண்டிகளின் மென்பொருளுக்கும் ரீகால் (குறை திருத்த அறிவிப்பு) கொடுக்க வேண்டியிருந்தது. அதே மாதம் 20ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் மின்சாரம் போய் சிக்னல்கள் அணைந்தபோது, வேமோக்கள் சந்திப்புகளில் அப்படியே நின்று போக்குவரத்தை அடைத்தன. சந்தேகம் வந்தால் தொலைவில் இருக்கும் ஆளிடம் கேட்பது அவற்றின் வழக்கம். ஒரே நேரத்தில் அத்தனை வண்டியும் கேட்டால் பதில் எப்போது வரும்?

இடித்தால் யார் பொறுப்பு என்பதில் மூன்றாவதாக ஒருவரைச் சொல்லியாக வேண்டும். மெர்சிடிஸ் கொண்டுவந்த 'டிரைவ் பைலட்' என்ற தானோட்ட வசதி நெடுஞ்சாலையில், அமெரிக்காவில் மணிக்கு 40 மைல் வேகம் வரை, நெரிசலில் மட்டும்தான் ஓட்டியது. ஆனால் அது ஓட்டும்போது அதனால் தவறு நடந்தால் பொறுப்பு எங்களுடையது என்று நிறுவனம் சொன்னது. சின்ன வேலை, முழுப் பொறுப்பு. டெஸ்லாவில் இது தலைகீழ். 2019இல் ஃபுளோரிடாவில், டெஸ்லாவின் ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி வசதியை நம்பிய ஒருவர் கீழே விழுந்த செல்போனை எடுக்கக் குனிந்த நேரத்தில் வண்டி மோதி ஒரு பெண் இறந்தார். அதில் டெஸ்லாவுக்கும் பங்கு உண்டு என்று நடுவர் குழு தீர்ப்பளிக்க 2025 ஆகஸ்ட் வரை வழக்கு இழுத்தது.

என்னைக் கேட்டால், வேமோ ஓடும் ஊரில் பின் சீட்டில் ஏறி உட்காருவேன், பயம் இல்லை. டெஸ்லா என்றால் முன் சீட்டில், கை ஸ்டீயரிங்கில், கண் சாலையில். அப்படி உட்கார்ந்திருக்க மாதாமாதம் சந்தா (2025இல் 99 டாலர்) கட்டலாமா என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது.