எஸ்சிடலோபிராம்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பலருக்குக் கைகொடுக்கிற மாத்திரை எஸ்சிடலோபிராம். ஒரு நாளைக்கு ஒரு வேளைதான், விலையும் கட்டுப்படியாகும். மதுவைப் போல ஏங்க வைப்பதோ, அளவைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்வதோ கிடையாது. ஆனால் தொடங்கும் நாட்களையும், கடையில் வாங்குவதையும், நிறுத்தும் மாதங்களையும் கோட்டைவிட்டால் நல்ல மருந்தும் படாத பாடு படுத்தும். பெங்களூரில் இதை நெடுநாளாக எடுத்துவருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்து இதை எழுதுவது அதனால்தான்.

வழக்கமாக 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். வயது வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 20 தான் உச்சம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக 10-க்கு மேல் போக மாட்டார்கள். அளவு கூடினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு பாதிக்கப்படலாம். முதல் வாரத்தில் குமட்டல், வயிறு கலங்குவது, தலைவலி, வியர்வை எல்லாம் வரலாம். சாப்பிட்ட கையோடு போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையிலும், அசத்தினால் இரவிலும் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். சிலருக்குப் பதற்றம் முதலில் கொஞ்சம் ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதைப் பார்த்து "இது எனக்கு ஒத்துக்கலை" என்று ஒரே வாரத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை காத்திருப்பதற்குத்தான் வீட்டாரின் துணை வேண்டும்.

அதே நாட்களில் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் இந்த எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் கட்டாயமாக்கி, 2007-ல் 24 வயது வரை நீட்டித்தது. இருப்புக் கொள்ளாத தவிப்பு, திடீர்க் கோபம், சாவைப் பற்றிய பேச்சு என்று எது தெரிந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை பொறுக்க வேண்டாம். மாத்திரை வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும். 14416-ஐ அழைத்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் ஆலோசகர்கள் இரவு பகல் எந்நேரமும் பேசுவார்கள், தமிழிலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். இதற்கு நேர்மாறாக, தூக்கமே இல்லாமல் அளவு கடந்த உற்சாகம், ஓயாத பேச்சு, கண்மண் தெரியாத செலவு என்று போனாலும் உடனே டாக்டருக்குத் தெரிய வேண்டும். அது இருமுனைக் கோளாறின் (பைபோலார்) அடையாளமாக இருக்கலாம்.

இனி கடை. டாக்டர் எழுதித் தரும் சீட்டில் 1-0-0 என்றால் காலை மட்டும், 0-0-1 என்றால் இரவு மட்டும். எஸ்ஓஎஸ் என்று எழுதியிருந்தால் தேவைப்படும்போது மட்டும். தொடக்கத்தில் பதற்றத்தைத் தணிக்கத் துணைக்கு எழுதித் தரும் க்ளோனசெபாம் பல நேரம் இந்த வகைதான். உண்மையில் அடிமைப்படுத்தக்கூடிய மருந்து அதுதான். சொன்னதற்கு மேல் தினமும் போட்டுப் பழகாதீர்கள். இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் வருகின்றன. பெயர் கிட்டத்தட்ட அதேதான், கடைசியில் 'பிளஸ்' என்று ஒட்டியிருக்கும். அவசரத்தில் கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் பகலெல்லாம் தூக்கம் சொக்கும், காரணமே புரியாது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'எஸ்சிடலோபிராம் ஆக்சலேட்' என்ற வரிக்குக் கீழே இன்னொரு மருந்தின் பெயர் இருந்தால் உங்கள் சீட்டில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். "வெறும் எஸ்சிடலோபிராம் பத்து, பிளஸ் வேண்டாம்" என்று சொல்லி வாங்குவது எங்கள் வழக்கம். வெட்டிக் கொடுத்த அட்டையில் பெயரோ காலாவதித் தேதியோ போய்விடும், முழு அட்டையாகவே வாங்குங்கள். ஜன் ஔஷதி கடைகளில் மலிவாகக் கிடைப்பதும் இதே மருந்துதான்.

தீபாவளிக்கு மடிவாளாவில் பஸ் ஏறுகிற அவசரத்தில் மாத்திரை வீட்டிலேயே தங்கிவிடும். கைப்பையில் ஒரு அட்டையும் போனில் சீட்டின் படமும் எப்போதும் இருக்கட்டும். ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

மற்ற மருந்துகளோடு சேரும்போதுதான் பெரிய ஆபத்து. முதுகுவலிக்கு எழுதித் தருகிற டிரமடால், இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், லினசோலிட் என்கிற ஆன்டிபயாடிக், ஒற்றைத் தலைவலிக்கான சுமட்ரிப்டான் ஆகியவை எஸ்சிடலோபிராமோடு சேர்ந்தால் செரடோனின் என்கிற மூளை வேதிப்பொருள் எல்லை மீறலாம். காய்ச்சல், நடுக்கம், தசை துள்ளுவது, வயிற்றுப்போக்கு, குழப்பம் என எல்லாம் சேர்ந்து வந்தால் அது அவசர நிலை. ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபனும் ரத்தக் கசிவைக் கூட்டும். டெங்குவிலும் ரத்தக் கசிவு அபாயம் உண்டு என்பதால், டெங்கு சீசனில் காய்ச்சல் என்று போனால் இந்த மாத்திரையையும் மறக்காமல் சொல்லுங்கள். பல் டாக்டரிடம்கூட மறைக்காதீர்கள்.

ஊரிலிருந்து வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. ரத்தக்கொதிப்புக்கு ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற நீர் பிரியும் மாத்திரையும் எடுத்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். தடுமாற்றம், குழப்பம், அளவுக்கு மீறிய அசதி தெரிந்தால் "அம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்று தள்ளிவிடாமல் சோடியம் பார்க்க வேண்டும்.

உடலுறவில் நாட்டம் குறைவதும் உச்சம் தள்ளிப்போவதும் நெடுநாள் பயன்பாட்டில் அடிக்கடி வரும் குறை. கூச்சத்தால் சொல்லாமல், மாத்திரையை மட்டும் ரகசியமாக விட்டுவிடுகிறார்கள். சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற வழி உண்டு. கர்ப்பம் தரித்தது தெரிந்ததும் தாமாக நிறுத்துவதும் இதே தவறுதான், டாக்டரைக் கேட்காமல் விட வேண்டாம்.

நிறுத்துவதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். குணமான பிறகும் 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு 2 வருடமோ அதற்கு மேலோ. நன்றாக இருக்கிறது என்று சட்டென விட்டால் சில நாளிலேயே தலைசுற்றல், எரிச்சல், விசித்திரக் கனவுகள், தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வு வரலாம். நோய் திரும்புவது பொதுவாக இப்படி வராது. வாரக்கணக்கில் மெல்ல வரும், அதில் இந்த மின்சாரம் வெட்டும் உணர்வு இருக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "இனி ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்று மனமுடைந்துவிடுகிறார்கள். 10-லிருந்து 5 வரை பலர் சுலபமாக இறங்கிவிடுவார்கள், 5-லிருந்து பூஜ்ஜியத்துக்கு இறங்குவதுதான் கடினம். குறைந்த அளவிலேயே மருந்து மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுவதால், கடைசி மில்லிகிராம்களைக் குறைக்கும்போதுதான் தாக்கம் அதிகம். அங்கே படிகள் சிறிதாக, ஒவ்வொரு படிக்கும் சில வாரம் என்று திட்டமிட்டுத் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் முறை வேண்டாம். பாதி மருந்து உடலை விட்டு நீங்க சுமார் 30 மணி நேரம்தான், ரத்தத்தில் அளவு ஏறி இறங்கும். ஒரு படியில் தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் சொல்லி முந்தைய அளவுக்கே திரும்பி, சில வாரம் நின்று, இன்னும் சின்னப் படியாக இறங்கலாம்.