கொழும்பில் வாடகைக் கார்: சாவியை வாங்குமுன் கண்ணாடியைப் பாருங்கள்

இலங்கையில் ஓடும் எந்தக் காரிலும் முன்கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வாகன வருமான அனுமதிப்பத்திரம். ஊரில் எல்லோர் வாயிலும் அது 'ரெவெனியூ லைசென்ஸ்'. அதில் வாகன இலக்கமும் முடிவுத் திகதியும் இருக்கும். லண்டனில் இப்படியொரு வட்டச் சீட்டை ஒட்டும் வழக்கம் 2014 ஒக்டோபரோடு போய்விட்டது. இப்போது வரி கட்டியதா இல்லையா என்பதைக் கமராவே பார்த்துக்கொள்கிறது. நமக்கும் கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. இந்த முறை கொழும்பில் எடுத்த வாடகைக் காரில் அந்தத் திகதி முடிந்து ஒரு கிழமைக்கு மேலாகியிருந்தது. காரைத் தந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலி வீதியில் பொலிஸ் மறித்து, விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

தண்டப்பணம் பெரிய விஷயமில்லை. அதைக் கட்டும் முறைதான் பயணத்தைத் தின்றுவிடும். பொலிஸ் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தண்டச்சீட்டை எழுதித் தரும். அந்தச் சீட்டோடு தபாலகத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய் அதே பொலிஸ் நிலையத்தில் காட்டி லைசென்சை மீட்க வேண்டும். தவணை 14 நாள். அது தப்பினால் இரட்டிப்பு. ஊரில் இருப்பவருக்கு 14 நாள் தாராளம். திரும்பும் விமானத்துக்கு ஐந்து நாள் இருக்கும் ஒருவருக்கு அது வேறு கணக்கு. சனிக்கிழமை மாலை பிடிபட்டால், திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை என்றால், செவ்வாய்க்கிழமை மறுபடி அவ்வளவு தூரம் ஓட வேண்டும். லைசென்ஸ் கையில் இல்லாததால் எழுதித் தந்த சீட்டைக் காட்டியே ஓட வேண்டும். 2025இலிருந்து அரசின் இணையக் கட்டண முறையான கோவ்பே மூலம் கைபேசியிலேயே தண்டம் கட்டி, நின்ற இடத்திலேயே லைசென்சைத் திரும்ப வாங்கும் முறையும் வந்திருக்கிறது. மறித்த உத்தியோகத்தரிடம் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். உள்ளூர் வங்கிக் கணக்கு உள்ள சொந்தக்காரர் ஒருவரின் தொலைபேசி இலக்கம் அந்த நேரத்தில் பெரிய உதவி.

அந்தச் சீட்டு ஏன் காலாவதியாகிறது என்று தெரிந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். வருடா வருடம் அதைப் புதுப்பிக்க இரண்டு பத்திரம் வேண்டும்: செல்லுபடியான காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ். புகைப் பரிசோதனையில் வாகனம் தவறினால் திருத்தும்வரை எல்லாம் நிற்கும். வாடகைக்கு விடுபவர் ஒரு நாள் ஓட்டத்தை இழக்க விரும்பாமல் அதைத் தள்ளிப்போடுவார். 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஆகவே வாடகைக்கு நிற்கும் வாகனங்களில் பல பழசு. சீட்டு காலாவதி என்றால் காருக்குள்ளும் ஏதோ தள்ளிப்போடப்பட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு டயரின் பூவையும், ஸ்டெப்னியின் காற்றையும், ஜாக்கி இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். பின் இருக்கைப் பட்டிகள் அநேகமாக சீற் கவருக்குள் புதைந்து கிடக்கும், இழுத்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

காப்புறுதி அட்டையில் இன்னொரு வரியைப் படியுங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியும் வாடகைக்கு விடும் வாகனத்துக்கான காப்புறுதியும் வேறு வேறு. தெரிந்தவர் மூலம் மலிவாகக் கிடைக்கும் காரில் முதல் வகைதான் இருக்கும். காசு கொடுத்து ஓட்டுகிறீர்கள் என்று தெரிந்தால் இழப்பீடு மறுக்க அது போதும். அட்டையில் உள்ள அவசரத் தொலைபேசி இலக்கத்தைக் கைபேசியில் ஏற்றி வையுங்கள். சின்ன உரசல் என்றாலும் காரை அசைக்குமுன் அந்த இலக்கத்துக்கு அடிக்க வேண்டும், அவர்களின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து படமெடுத்துப் போவார். பிரித்தானியாவில் இரண்டு கிழமை மின்னஞ்சலில் இழுபடும் வேலை இங்கே வீதியோரத்திலேயே முடிகிறது. இந்த ஒன்றில் நாடு நம்மை விட முன்னால் நிற்கிறது என்பதை மனமாரச் சொல்லலாம்.

சாரதி அனுமதிப்பத்திரம் பற்றி வெளிநாட்டுத் தமிழரிடம் குழப்பம் அதிகம். சர்வதேச அனுமதிப்புத்தகம் கையில் இருந்தாலே போதும் என்பது தவறு. இலங்கை ஏற்பது 1949 ஜெனீவா உடன்படிக்கைப் புத்தகம். பிரித்தானியாவில் 2024 ஏப்ரலிலிருந்து அது தபாலகத்தில் இல்லை, பேபொயின்ற் கடைகளில் 5.50 பவுணுக்குக் கிடைக்கும். கடைக்காரர் மூன்று வகை வைத்திருப்பார், 1949 என்று சொல்லிக் கேளுங்கள். கனடாவில் கொடுப்பதும் அதே வகை. ஜேர்மனி, சுவிஸ் நாடுகளில் வழமையாகக் கொடுப்பது 1968 வியன்னா உடன்படிக்கைப் புத்தகம். அங்கிருந்து வருபவர்கள் புத்தகத்தை நம்பாமல், மூல லைசென்சோடு இங்கே தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுப்பதே பாதுகாப்பு. புத்தகம் சரியானதாக இருந்தாலும், காலிமுகத்திடலுக்குப் பக்கத்திலுள்ள ஓட்டோமொபைல் சங்கத்தில் அங்கீகாரச் சீட்டு எடுக்க வேண்டும். முன்பு தற்காலிக அனுமதிக்கு வேரஹெரவிலுள்ள மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு ஓடி அரை நாளைத் தொலைப்பார்கள். 2025 ஆகஸ்ட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்கு அதற்கொரு கருமபீடம் திறந்தார்கள். எத்தனையோ வருடமாகக் கேட்டுக் கிடைத்த வசதி. வந்திறங்கிய களைப்பில் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். செல்லுபடியான அனுமதி இல்லாமலோ காப்புறுதி இல்லாமலோ ஓட்டினால் அது தபாலகத்தோடு முடியாது. நீதிமன்றம் போக வேண்டும், தண்டம் 25,000 ரூபாவில்தான் தொடங்கும்.

இனிப் பாதை. வெள்ளவத்தையில் தங்கித் தெற்கே போகிறவர்கள் ஹைலெவல் வீதியால் நுகேகொடை, மகரகம தாண்டிக் கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏற வேண்டும். அந்தப் 15, 16 கிலோமீற்றர்தான் முழுப் பயணத்திலும் கடினமானது. கொட்டாவையிலிருந்து காலி பின்னதூவ வெளியேற்றம் வரை 95 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலத்தில் ஓடலாம். ஏறுமுன் உள்ள தூரத்துக்கே சில காலைகளில் அவ்வளவு நேரம் போகும். அதிகாலை ஐந்தரைக்குள் வெளிக்கிடுங்கள், அல்லது ஒன்பதரை தாண்டட்டும். நாம் மறந்துவிட்ட இன்னொரு நேரமும் உண்டு: பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். ஒன்றேகாலிலிருந்து இரண்டரை வரை வெள்ளை வானும் ஓட்டோவும் காலி வீதியை அடைத்து நிற்கும். அந்த வெள்ளைச் சீருடைக் கூட்டம் கண்ணுக்கு இதம்தான், ஆனால் விமானம் பிடிக்கிற நாளில் அதற்குள் மாட்டக்கூடாது.

அதிவேகப் பாதையில் ஏறும்போது தரும் ரிக்கெற்றைப் பத்திரமாக வையுங்கள், இறங்கும் இடத்தில்தான் காசு. சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். வேகம் மணிக்கு 100. மழையில் 60 என்று பலகை சொன்னால் உண்மையாகவே 60தான், அந்தப் பாதையில் தண்ணீரில் சறுக்கிய கார்கள் பல. வெலிப்பென்னையில் ஓய்விடமும் பெற்றோலும் உண்டு. என்றாலும் வெறும் டாங்கோடு ஏறாதீர்கள்.

திரும்பும்போது ஹைவேயை விட்டு, ஹிக்கடுவை, பெந்தோட்டை, களுத்துறை என்று கடலோரமாகப் பழைய காலி வீதியால் வாருங்கள். 116 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. களுத்துறைப் பாலத்தடியில் போதி மரத்துக்கு முன்னால் வாகனங்கள் சட்டென்று ஓரங்கட்டி உண்டியலில் காசு போடும். முன்னால் போகிற பஸ்ஸிலிருந்து தூரம் விடுங்கள். வேகம் ஊருக்குள் 50, வெளியே 70. இங்கிலாந்தில் எதிரே வருபவர் முன்விளக்கை மினுக்கினால் 'நீங்கள் போங்கள்' என்று அர்த்தம். இங்கே 'நான் வருகிறேன், நில்' என்று அர்த்தம். லண்டன் பழக்கத்தில் அதைப் பார்த்துத் திரும்பினால் தனியார் பஸ்ஸுக்கு நேரே போய் நிற்பீர்கள். பாதசாரிகளின் மஞ்சள் கடவையில் நாம் நிறுத்துவோம், பின்னால் வருபவர் நிறுத்துவார் என்று எதிர்பார்க்க முடியாது. கண்ணாடியில் பின்னால் பார்த்தே பிரேக் போட வேண்டும்.

வடக்குப் பக்கம் ஒரு நாள் இருந்தால் முன்னேஸ்வரம் சிவன் கோயில். பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஏறி, நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வீதியில் சிலாபம். கொழும்பிலிருந்து சுமார் 80 கிலோமீற்றர். கோயில் சிலாபத்துக்குக் கிழக்கே 3 கிலோமீற்றருக்குள். மதியம் நடை சாத்துமுன் சேர வேண்டும் என்றால் ஏழு மணிக்காவது புறப்பட வேண்டும். நீர்கொழும்பு நகருக்குள் சந்தை நேரத்தில் ஊர்ந்துதான் போகலாம். கடைசி நாளுக்கு இந்தப் பக்கத்தை வைப்பதே நல்லது. சாமி கும்பிட்டு, சிலாபத்தில் நண்டுக் கறியோடு சாப்பிட்டு, மாலையில் கட்டுநாயக்கவிலேயே காரை ஒப்படைத்துவிடலாம், கொழும்புக்குத் திரும்பும் வேலை இல்லை. ஒப்படைக்கும் இடம் விமான நிலையம் என்று ஒப்பந்தத்தில் முதலே எழுதி வாங்குங்கள், பெற்றோல் முள் நிற்கும் இடத்தையும் கிலோமீற்றரையும் படமெடுத்து வையுங்கள்.