தமிழில் கேட்டால் தமிழ்நாட்டு அட்டவணை

பிள்ளைகளின் தடுப்பூசி விசயத்தில் சாட்பொட் பிரயோசனப்படுமா என்று சொந்தக்காரர் சிலர் கேட்டார்கள். பிரயோசனம்தான். ஆனால் எந்த மாதம் எந்த ஊசி என்பதை மட்டும் அதைக் கேட்டு நடக்காதீர்கள்.

நாங்கள் இருப்பது இலங்கையில், விசுவமடுப் பக்கம். மகனுக்கு 9 மாத ஊசி வருகிற நேரம், போனில் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றில் தமிழில் கேட்டேன். முதல் ஊசிகள் 6, 10, 14 கிழமைகளில் என்று ஒரு பட்டியல் வந்தது. பிள்ளைக்கு எல்லாம் பிந்திப் போட்டுவிட்டார்களோ என்று மனைவி பதறிவிட்டார். அது இந்திய அட்டவணை. இங்கே ஐந்து நோய்களுக்கான அந்த ஊசி 2, 4, 6 மாதங்களில்தான். இலங்கை என்று எழுதியதும் மன்னிப்புக் கேட்டு மாற்றியது. அப்போதும் சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர் ஊசியை 12 மாதத்தில் வைத்தது. அது பழைய ஒழுங்கு. 2015இலிருந்து முதலாவது 9 மாதத்தில், அடுத்தது 3 வயதில். கிளினிக் கொப்பியில் எல்லாம் வடிவாக அச்சடித்தே இருக்கிறது. பெயர், விலாசத்தைக் கையால் மறைத்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்ட பிறகுதான் ஒழுங்காகக் கதைத்தது.

பயம் தெளிவிக்கிற வேலையில் ஆள் கெட்டி. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினால் ஊசி போடக்கூடாது என்பது மாமியின் கட்சி. மிட்வைஃப் அக்கா விளக்கும்போது "ஓம் பிள்ளை" என்று தலையாட்டுவார். ஸ்கூட்டி படலையைத் தாண்டியதும் பழையபடி தொடங்குவார். குரலைப் போட்டு போனை அவருக்கு முன்னால் வைத்தேன். சாதாரண தடிமன் தடை இல்லை, கடும் காய்ச்சல் என்றால் டொக்டரிடம் காட்டிப் பிற்போடலாம் என்றது. மாமி குனிந்து போனையே கேட்டார்: "அப்ப ஊசி போட்ட இரவு காய்ச்சல் வருமோ மோனை?" எம்.எம்.ஆருக்கு அன்றிரவு அல்ல, வந்தால் அநேகமாக ஒரு கிழமை கழித்துத்தான் வரும். அதில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி, உடம்பில் வேலை காட்ட நாள் எடுக்கும் என்றது. முந்தின ஊசிகளுக்கு அன்றிரவே பிள்ளைக்கு உடம்பு காய்ந்ததை மாமி கண்டவர். இந்த வித்தியாசம் விளங்கியதும் அடங்கிவிட்டார். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் சலிக்காமல் சொல்கிறதே, ஒரு பிரிவு முழுக்க அலைகிற மிட்வைஃபுக்கு அதற்கு எங்கே நேரம்?

ஊசி பிந்தினால் என்ன என்று கேட்டதற்கு மட்டும் பொத்தாம்பொதுவாக ஏதோ சொன்னது. இலங்கையில் சின்னமுத்து ஒழிந்தது என்று 2019இல் சான்று கிடைத்தது. 2023இல் அது திரும்பப் பரவியது. 2024 தொடக்கத்தில் சில மாவட்டங்களில் 9 மாதம் ஆகாத கைக்குழந்தைகளுக்கே மேலதிகமாக ஊசி போட்டார்கள். சொல்ல வேண்டியது அதைத்தானே!

காய்ச்சலுக்கு எவ்வளவு பனடோல் பாணி கொடுக்கலாம் என்று கேட்டபோது முதலில் பிள்ளையின் நிறையைக் கேட்டது. அது சரி. ஆனால் போத்தலைப் பற்றி ஒன்றும் கேட்காமல் மில்லிலீற்றர் கணக்கைச் சொல்லிவிட்டது. எங்கள் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். வேறு செறிவிலும் பாணி மருந்து வருகிறது. அளவை மிட்வைஃபிடமோ பார்மசியிலோ கேளுங்கள்.

எனக்குப் பெரிய எரிச்சல் இன்னொன்று. "கிளினிக் நாளுக்கு முதல்நாள் ஞாபகப்படுத்துகிறேன்" என்றது. அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. கேட்டால், தன்னால் அப்படிச் செய்ய ஏலாது என்கிறது! ஏலாதென்றால் ஏன் சொன்னாய்? மிட்வைஃப் அக்காவின் அழைப்புத்தான் எங்களைக் கிளப்பியது. சிக்னல் இல்லாத காட்டுப்பக்கக் கிராமங்களில் இது வேலைக்கே ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5க்கு 3 கொடுக்கலாம். அந்த மூன்றும் மாமியைச் சம்மதிக்க வைத்ததற்கு. அடுத்தது 12 மாதத்தில் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. அந்த நோயைப் பரப்புகிற நுளம்பு வயல் தண்ணீரில் பெருகுவது என்று கேள்விப்பட்டதிலிருந்து, எங்கள் வளவுக்குப் பின்னால் வயல் இருக்கிறதே என்று மாமி இப்போதே போனைக் கேட்கிறார்.