ஆகஸ்ட் 11, நவம்பர் 1, எங்கள் குடும்பக் குழு: ஒன்பது வருட அனுபவம்

எங்களுக்குக் குமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்குப் பக்கம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலையில். அதனால் நவம்பர் 1 விடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருபக்கம் கசவுப் புடவையோடு கேரளப் பிறவி வாழ்த்து வரும், மறுபக்கம் அந்த இணைப்புக்காகப் போராடிய தலைவர் மார்ஷல் நேசமணி படத்தோடு குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள் வரும். 1956-ல் இரண்டும் ஒரே நாளில் நடந்ததுதானே.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்ததும், கேட்டும் கிடைக்காமல் தேவிகுளமும் பீருமேடும் அந்தப் பக்கமே நின்றதும் பத்தாவது படிக்கிற எங்கள் வீட்டுப் பையனுக்குத் தெரிகிறது. எல்லாம் போனில் படித்ததுதான். அந்த வயதில் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது.

எனக்கு ஒத்துவராதது ஆகஸ்ட் 11. 1954-ல் அன்றைக்குத்தான், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்களைத் தொடுவெட்டியிலும் (இன்றைய மார்த்தாண்டம்) புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அந்தச் செய்தி வருடாவருடம் வருகிறது, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் குட்டையாகி, கொஞ்சம் கோபம் கூடி. இப்போது மூன்றே வரி: மலையாளி சுட்டான், தமிழன் செத்தான், பகிருங்கள். அப்போது எங்கள் பகுதி இருந்த திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்டது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அரசு, அதே கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே அந்த அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டார், கட்சிக்குள் பெரிய சண்டையே நடந்தது. இதை எந்த பார்வர்டிலும் நான் பார்த்ததில்லை. நானே எழுதிப் போட்டேன், ஒருவரும் வேறு குழுவுக்கு அனுப்பவில்லை. அந்த மூன்று வரியைப் பார்த்து அத்தான் ஒரு வருடம் குழுவை விட்டே போய்விட்டார், அக்கா அழுதாள்.

பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-ல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான், ஆனால் நகலெடுத்து ஒட்டினால், பலமுறை பகிரப்பட்டது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி காணாமல் போய், சித்தப்பாவே எழுதியது மாதிரி வந்து நிற்கும்.

பாட்டா (எங்கள் தாத்தா) துப்பாக்கிச் சூடு நடந்த அன்றைக்குத் தொடுவெட்டிச் சந்தைக்கு மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) கொண்டு போயிருந்தார், பதினாறு வயது. "மக்களே, எங்கள உள்ள இழுத்துப் போட்டுக் கதவ அடச்சது மலையாளம் பேசுற வீட்டுக்காரியாக்கும்" என்று அவர் சொன்னதைப் பதிவு செய்து குழுவில் போட்டிருந்தேன். 2021-ல் பாட்டா போய்விட்டார். அப்புறம் போன் மாற்றும்போது நான் பேக்கப் எடுக்கவில்லை. குழுவில் கேட்டால், இடம் போதவில்லை என்று எல்லோரும் அழித்திருக்கிறார்கள்.

இப்போது ஊர்ப் பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்தால் முதலில் மெமரி கார்டில் ஏற்றி, பெயர், ஊர், தேதியை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். குழுவில் போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பாட்டா பேசியது அத்தானின் பழைய போனில் கிடக்கலாம், சார்ஜர் தேடிக்கொண்டிருக்கிறோம்.