ஹட்டனில் ஓபன் வெப்யூஐ: கே3எஸ் கிளஸ்டரில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் உயர்தர மாணவர்களும் ஆசிரியர்களும் கூடும் ஒரு சிறிய கற்கை நிலையத்தில், ஓபன் வெப்யூஐ என்னும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் இடைமுகத்தை மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே இயக்கும் ஓலாமாவுடன் இணைத்து, பழைய மேசைக்கணினிகளால் அமைத்த கே3எஸ் கிளஸ்டரில் இயக்கி வருகிறோம். பல கணினிகளை ஒன்றாக இயக்கும் குபர்நெட்டீஸ் மென்பொருளின் எளிய வடிவமே கே3எஸ். பருவமழைக் காலத்தில் இணைப்பு அறுந்தாலும் வகுப்பு நிற்கக்கூடாது என்பதே எங்கள் நோக்கமாக இருந்தது. எனவே அந்த அளவுகோலைக் கொண்டே இதை மதிப்பிடுகிறேன்.

நிறுவுவதில் சிரமம் எதுவும் இல்லை. ஓபன் வெப்யூஐ கன்டெய்னர் (தேவையானவை அனைத்துடனும் பொதிந்து இயங்கும் மென்பொருள்) 8080 ஆம் போர்ட்டிலும் ஓலாமா 11434 ஆம் போர்ட்டிலும் இயங்குகின்றன. ஒரே கிளஸ்டருக்குள் சேவைப் பெயரைக் கொடுத்தாலே இரண்டும் இணைந்துவிடும்.

சேமிப்பகத்தில்தான் நிதானம் தேவை. உரையாடல்களும் பயனர் கணக்குகளும் இயல்பாக ஒரே எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் இருப்பதால், பொட்டின் (கிளஸ்டரில் கன்டெய்னரை இயக்கும் அலகு) தரவுக் கோப்புறையை நிலையான வொல்யூமில் (பொட்டுக்கு வெளியே உள்ள சேமிப்பிடம்) வைக்காவிட்டால் பொட் புதிதாக உருவாகும்போது எல்லாம் அழிந்துவிடும். கே3எஸ் உடன் வரும் லோக்கல்-பாத் சேமிப்பகமோ, தரவு எந்தக் கணினியில் உருவானதோ அதனுடனேயே பிணைந்திருப்பது. அந்தக் கணினி செயலிழந்தால் கிளஸ்டரில் வேறு கணினிகள் இருந்தும் பொட் இடம்பெயராமல் காத்துக் கிடக்கும். மேலும், வொல்யூமுக்கான கோரிக்கையை நீக்கினால் தரவும் சேர்ந்தே நீங்கும். ஆகவே ஒவ்வோர் இரவும் தரவுத்தளத்தை மற்றொரு கணினிக்கு நகலெடுக்கிறோம். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளை இயக்க விரும்புவோர் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு மாறுவதே பாதுகாப்பானது.

மலையகத்தில் இதனைவிடப் பெரிய சோதனை, இணையம் இல்லாத நிலையில் கிளஸ்டர் மீண்டும் எழுவதாகும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது போன்ற நாட்களில், மின்சாரம் திரும்பிய உடனேயே இணையமும் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது. கன்டெய்னரின் மூலப்பொதியான இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்ற குறியிட்டு, அதை எப்போது பதிவிறக்குவது என்னும் இழுக்கும் விதியைக் குறிப்பிடாமல் விட்டால், கன்டெய்னர் தொடங்கும் ஒவ்வொரு முறையும் குபர்நெட்டீஸ் வெளியிலுள்ள களஞ்சியத்தைத் தொடர்புகொள்ள முயலும். இமேஜ் கணினியில் இருந்தும்கூட பொட் எழாது. திட்டவட்டமான பதிப்பு எண்ணைக் கொடுத்து, உள்ளிருப்பதையே பயன்படுத்தும் விதியை எழுதுவது இங்கே இன்றியமையாதது. ஆவணத் தேடலுக்கான மாதிரியை ஓபன் வெப்யூஐ தொடக்கத்தில் வெளியிலிருந்து பெற முயல்வதால், அதனை முன்கூட்டியே இறக்கி, ஓஃப்லைன் நிலையையும் இயக்கி வைத்துள்ளோம். இவற்றுக்குப் பின் கிளஸ்டருக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் இருந்தால் போதும், ஆசிரியர்கள் தம் கைப்பேசியிலிருந்து வேலையைத் தொடர்கிறார்கள்.

அணுகலைப் பொறுத்தவரை, தற்காலிக இணைப்பை ஏற்படுத்தும் போர்ட்-ஃபோர்வர்ட் கட்டளை சோதனைக்கு மட்டுமே உதவும். கே3எஸ் உடன் வரும் டிரேஃபிக் என்னும் வழிப்படுத்தும் மென்பொருள் வழியாக உள்ளகப் பெயரொன்றை ரவுட்டரில் பதிந்ததும் எல்லோருக்கும் ஒரே முகவரி கிடைத்தது. குரல்வழிக் கேள்விக்கு மைக் வேண்டுமானால் எச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) அவசியம். அது இல்லாத தளத்துக்கு உலாவி மைக்கைத் திறக்காது. அத்துடன் உள்நுழைவைச் சரிபார்க்கும் ரகசியச் சாவியைச் சூழல் மாறியாக நிலைப்படுத்தாவிட்டால், பொட் மாறும்போதெல்லாம் அனைவரும் வெளியேற்றப்படுவார்கள். முதலில் பதிவுசெய்பவரே நிர்வாகி ஆவதால், முகவரியை மாணவருக்கு அறிவிப்பதற்கு முன் அந்தக் கணக்கை உருவாக்கிவிட வேண்டும். ஓபன் வெப்யூஐயின் பல அமைப்பு விருப்பங்கள் முதல் தொடக்கத்திலேயே தரவுத்தளத்தில் பதிந்துவிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பின் கிளஸ்டருக்கான யாமல் அமைப்புக் கோப்பில் அவற்றை மாற்றினாலும் பயனில்லை, நிர்வாகப் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும்.

தமிழில் விடை பெற கூகுளின் ஜெம்மா 3 இன் 4 பில்லியன் அளவுருக்கள் கொண்ட மாதிரியைப் பயன்படுத்துகிறோம். அது சுமார் 3.3 ஜிபி, கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமலும் இயங்குகிறது. தமிழ் உரை ஆங்கிலத்தை விட அதிக டோக்கன்களாக (மாதிரி வாசிக்கும் சொல்துண்டுகள்) பிரிவதால், மாதிரி ஒரே நேரத்தில் கவனிக்கும் உரைக்கு ஓலாமாவின் பழைய இயல்பளவான 2048 டோக்கன் ஒரு பாடப் பகுதிக்கே போதாது. அதை உயர்த்தியதும் விடைகளின் பொருத்தம் தெளிவாகக் கூடியது. பயன்படுத்தாத மாதிரியை ஓலாமா ஐந்து நிமிடங்களில் நினைவகத்திலிருந்து இறக்கிவிடும் என்பதால், வகுப்பு நேரத்தில் அதை நிரந்தரமாக வைத்திருக்கும்படி அமைத்துள்ளோம். ஆயினும் பலர் ஒரே நேரத்தில் கேட்கும்போது விடைகள் மெதுவாகவே வருகின்றன. பாடவிளக்கங்களில் உண்மைப் பிழைகளும் உண்டு. ஆசிரியர் பார்க்காத விடையை மாணவர் குறிப்பில் எழுத நாங்கள் அனுமதிப்பதில்லை.

ஒரே ஒரு கணினி வைத்திருப்பவர்களுக்கு கிளஸ்டரை நான் பரிந்துரைக்கமாட்டேன். கன்டெய்னரைத் தனிக்கணினியில் இயக்கும் டொக்கர் மட்டுமே போதும். இரண்டாவது கணினி இருந்தால், முதலில் அதில் நகலெடுப்பை அமைத்து, மீட்டெடுத்துப் பார்த்த பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.