பெட்ரோல் மெஷினை ஊருக்கு அனுப்பப் போறீங்களா? 780 வெள்ளி போன கதையைப் படிச்சிட்டுப் பணம் கட்டுங்க

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் உள்ள ஒரு கார்கோ கடை. பெயர் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. புல் வெட்டும் பிரஷ் கட்டர் இரண்டை ஏர் கார்கோவில் தஞ்சாவூருக்கு, வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லி 780 வெள்ளி வாங்கினார்கள். ஒன்பது வாரம் ஆயிற்று. நேற்று மெஷினும் கிடையாது, பணமும் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

முதலில் அந்த 780 எப்படி வந்தது என்று பாருங்கள், கொள்ளை அங்கேயே தொடங்கிவிட்டது. இரண்டு மெஷினும் பெட்டியோடு சேர்ந்து 19 கிலோதான். ஆனால் ஏர் கார்கோவில் உண்மை எடை, அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் அளவு எடை. கூரியர் என்றால் பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள், இன்னும் ஏறும். ராடை (எஞ்சினையும் பிளேடையும் இணைக்கும் நீளக் குழாய்) கழற்றாமல் முழுசாக வைத்ததில் பெட்டி 180, 50, 40. கணக்குப் போட்டால் 60 கிலோ. கிலோவுக்கு 13 வெள்ளி. கிளட்ச் பக்கம் உள்ள கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் ராடு தனியாக வந்துவிடும். ராடுகள் ஒரு பெட்டி (160, 20, 20), எஞ்சின்கள் ஒரு பெட்டி (50, 40, 40) என்று பிரித்திருந்தால் இரண்டும் சேர்ந்து 24 கிலோ, அதே விலைக்கு 312 வெள்ளி. ஆலன் கீயைக் கையில் எடுத்தபோது கவுன்ட்டரில் இருந்தவர், "கழட்டாதீங்கண்ணே, ஊர்ல பூட்டத் தெரியாம கெடுத்துருவாங்க" என்றார். அக்கறையாகச் சொல்கிறார் என்று நம்பியது முதல் தப்பு.

கிலோவுக்கு 13 வெள்ளி ஏன் என்று கேட்டதற்கு, "எஞ்சின் சாமான்ணே, பேப்பர் வேலை இருக்கு, அதுக்குத்தான் கூட" என்று பதில். சரியான பதில்தான். ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. எண் கொடுத்து வகை பிரித்திருக்கிறார்கள். அதில் பெட்ரோல் எஞ்சினுக்கு யுஎன் 3528, கிளாஸ் 3 (தீப்பற்றும் திரவம்) என்று தனி எண் உண்டு. 2016 வரைக்கும் 3166, கிளாஸ் 9 என்று இருந்தது. பழைய எண்ணையே இன்னும் சொல்கிறவர் 2017-க்குப் பிறகு விதியைத் திறந்தே பார்க்காதவர். டேங்க்கில் பெட்ரோலே ஊற்றாத புது மெஷின், அல்லது ஆவி கூட மிச்சமில்லாமல் சுத்தம் செய்த பழைய மெஷின் என்றால் ஏ70 என்ற சிறப்பு விதி இருக்கிறது. அதன்படி ஏர்வே பில்லில் (விமானச் சரக்குக்கான சீட்டு) "நாட் ரெஸ்ட்ரிக்டட்", அதாவது கட்டுப்பாடு இல்லாத சரக்கு, என்று எழுதி ஏ70-ஐயும் குறிப்பிட்டால் சாதாரணச் சரக்காகப் போகும். அந்த ஒரு வரியில்தான் எல்லாமே இருக்கிறது.

அந்த வரிக்காக மெஷினை ஒழுங்காகத் தயார் செய்துதான் கொடுத்தது. டேங்க்கைக் கவிழ்த்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. கவிழ்த்த பிறகு ஐடிலில் ஓடவிட்டுத் தானாக நிற்க விடணும். சோக்கைப் போட்டு மறுபடி இழுத்தால் கார்புரேட்டரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் எரியும். பிரைமர் பல்பை (பெட்ரோலை இழுத்து ஏற்றும் ரப்பர் குமிழ்) அது காற்றை மட்டும் தள்ளும் வரை அமுக்கணும். டேங்க்குக்குள் டியூப் நுனியில் ஒரு ஃபெல்ட் ஃபில்டர் இருக்கும். அது பஞ்சு மாதிரி பெட்ரோலைக் குடித்து வைத்திருக்கும், கம்பியை வளைத்து வெளியே இழுத்துக் கழற்றி எடுக்கணும். வாசம் வருவது முக்கால்வாசி அதிலிருந்துதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், டேங்க் அடியிலேயே தங்கும். அதனால் மூடியைத் திறந்து, வாய் கீழே பார்க்கிற மாதிரி காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க வைக்கணும். டூ ஸ்ட்ரோக்கில் கலந்த ஆயில் ஆவியாகாது, உள்சுவரில் பிசுபிசுப்பாக ஒட்டி நாறும். டேங்க்கை மட்டும் தனியே கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்தால்தான் அது போகும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் எஞ்சின் ஆயிலையும் இறக்கணும். இவ்வளவும் செய்து, ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்துக் கொடுத்தாயிற்று.

கவுன்ட்டரில் இருந்த அந்த ஆள் டேங்க் மூடியைத் திறந்து மூக்கை வைத்து மோந்து பார்த்தார். "சூப்பர்ணே, இவ்ளோ சுத்தமா யாரும் கொண்டு வர மாட்டாங்க" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் 780 வெள்ளியும் கைமாறியது. பணம் அனுப்பக் கொடுத்த பேநவ் எண் கம்பெனியின் யூஇஎன் (பதிவு எண்) இல்லை, ஏதோ ஒரு கைத்தொலைபேசி எண். அங்கேயே நிறுத்தியிருக்கணும்.

பிறகு தெரிந்தது, பெட்டி மேல் மார்க்கரில் எழுதியிருந்தது "துணிமணி, பாத்திரம்". எஞ்சின் பேப்பருக்கு என்று கூடுதல் காசு வாங்கிக்கொண்டு, ஏ70 வரியை எழுதாமல், துணி என்று எழுதியிருக்கிறார்கள்! எக்ஸ்ரேயில் சிலிண்டரும் ஃபிளைவீலும் துணி மாதிரியா தெரியும்? பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. மெஷின் சுத்தமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை, பொய்யாக எழுதிய சரக்கை யாரும் ஏற்ற மாட்டார்கள்.

அதைச் சொல்லவும் அவர்களுக்கு வாய் வரவில்லை. முதல் மூன்று வாரம் "ஃபிளைட்ல இடம் இல்லண்ணே". அப்புறம் "சென்னை கஸ்டம்ஸ்ல நிக்குது". சரக்கு சிங்கப்பூரை விட்டே போகவில்லை, சென்னை கஸ்டம்ஸ் எங்கிருந்து வந்தது? ஏர்வே பில் எண் கேட்டால் "சிஸ்டம் டவுன்". சென்னை ஆபீஸ் என்று கொடுத்த நம்பரில் கேட்டால் "சிங்கப்பூர்ல கேளுங்க சார்". ஏழாவது வாரம் புளூ டிக் கூட வரவில்லை. நேற்று நேரில் போனதற்கு, "ரிஜெக்ட் ஆயிருச்சு, ஸ்டோரேஜ் கட்டல, டிஸ்போஸ் பண்ணிட்டாங்க. நாங்க என்ன பண்றது?" ஸ்டோரேஜ் கட்டச் சொல்லி ஒரு மெசேஜ் கூட வந்ததில்லை. 780 வெள்ளியில் ஒரு காசு திரும்பவில்லை. உள்ளே இருந்த மெஷின்களின் விலை தனி.

எப்படி அனுப்புவது என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்:

ஏர்வே பில் நகலில் சரக்கின் பெயர் என்ன என்று கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். "துணி", "வீட்டுச் சாமான்" என்று இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், அனுப்புகிறவர் என்று அதில் இருப்பது உங்கள் பெயர்.

பேநவ் யூஇஎன்னுக்கு மட்டும். ரசீதில் மெஷின் பெயர், எடை, பெட்டி அளவு இருக்கணும். கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று கம்பெனிகளைப் பதிவு செய்யும் அக்ராவின் பிஸ்ஃபைல் இணையதளத்தில் ஒரு நிமிஷத்தில் பார்க்கலாம்.

ராடைக் கழற்றுங்கள். யார் என்ன சொன்னாலும் கழற்றுங்கள்.

"கிஃப்ட்னு போட்டா டியூட்டி இல்ல" என்பதை நம்பாதீர்கள். கூரியரிலும் தபாலிலும் வரும் கிஃப்டுக்கு இருந்த சலுகையை இந்தியா 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டது. டியூட்டி உண்டு.

மரப்பெட்டி என்றால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான அடையாளம்) இருக்கணும்.

ஏமாந்தவர்கள் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரண்டு வருஷத்துக்குள். வக்கீல் தேவையில்லை, 5,000 வெள்ளிக்குள் என்றால் தனியாளுக்குக் கட்டணம் 10 வெள்ளி. வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. இந்த 780 வெள்ளிக்கு இன்று காலையிலேயே போட்டாயிற்று. அதே கடையில் எஞ்சின் சாமான் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இன்றைக்கே போய் ஏர்வே பில் எண்ணைக் கேளுங்கள்.