வீட்டில் ஒரு தோட்டாகூட இல்லை: 11 வருட அனுபவம்

நான் வாரம் ஒருமுறை துப்பாக்கி சுடப் போகிறவன் என்று தெரிந்தால் சிங்கப்பூரில் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அதை வீட்லயா வச்சிருக்கீங்க?" தீபாவளிக்கு வந்த பெரியம்மா ஒருவர் சோபாவில் உட்காருவதற்கு முன் மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

வீட்டில் இல்லை. பொங்கோலில் இருக்கும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் காதடைப்பான், பாதுகாப்புக் கண்ணாடி, தட்டையான அடிப்பாகம் உள்ள ஒரு ஜோடி காலணி, எண்ணிக்கை எழுதும் நோட்டு ஆகியவைதான் இருக்கின்றன. பாயிண்ட் டூ டூ (0.22 அங்குல ரக) பிஸ்டலும் தோட்டாக்களும் தீவின் மறுகோடியில், கிளப்பின் ஆர்மரி என்ற ஆயுத அறையில் இருக்கின்றன. 2014 மே மாதத்திலிருந்து இப்படித்தான். புதிதாகச் சேர நினைக்கும் இரண்டு மூன்று பேர் "இது தொல்லையா இல்லையா" என்று கேட்டதால் எழுதுகிறேன்.

தொல்லைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்ஆர்டி ரயில், பேருந்து, கொஞ்சம் நடை என்று போக ஒன்றேகால் மணி நேரம். ஆர்மரியின் சாவி உள்ளவர் இருந்தால்தான் கதவு திறக்கும். ஒரு முறை அவர் மருத்துவ விடுப்பில் இருப்பது தெரியாமல் போய், பக்கத்தில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். நமக்குப் பிடித்த தோட்டாவை நினைத்தவுடன் வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. இந்தச் சின்ன ரகத்தில் ஒரே கம்பெனியின் ஒரே பெயருள்ள பெட்டியானாலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் இலக்கில் துளைகள் நெருக்கமாக விழாமல் விரியும். ஒரு தொகுதி என் பிஸ்டலுக்கு ஒத்துவந்தது என்று தெரிந்துகொள்வதற்குள் அது தீர்ந்துபோய்விடும். ஒன்பதாவது வருடத்தில்கூட இதற்காக நான் புலம்பியதற்கு என் மனைவி சாட்சி.

சரி, தொல்லை இவ்வளவுதான். மற்றபடி வீட்டுக்கு வெளியே வைப்பதில் எனக்குக் குறை இல்லை. சட்டத்துக்கு பயந்து இதைச் சொல்லவில்லை. சட்டம் கடுமைதான். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டத்தின்படி உரிமமில்லாமல் ஒரு துப்பாக்கியோ தோட்டாவோ கையில் இருந்தாலே 5 முதல் 10 ஆண்டு சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. ஆனால் என் மனம் மாறியதற்குக் காரணம் டெக்சாஸில் இருக்கும் என் மச்சினனின் தோட்டத்துக் கொட்டகை.

அவன் ரீலோடிங் செய்கிறவன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, புது பிரைமர் (அடி பட்டதும் பற்றவைக்கும் சின்ன மூடி) அடித்து, பவுடர் என்கிற வெடிமருந்துத் தூளை அளந்து போட்டு, முனையை அழுத்தி மறுபடி தோட்டாவாக்குவது அவனுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. என்னுடையதில் அது நடக்காது. பாயிண்ட் டூ டூவில் பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும், ஒரு தடவை அடி பட்டால் விளிம்பு நசுங்கிவிடும், அதோடு கதை முடிந்தது. அதனால் அவன் வேலையை நான் வேடிக்கை பார்ப்பவன் மட்டும். 2016, 2019, 2023 என்று மூன்று முறை போய்ப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் பொருள் வேறு இடத்தில் இருந்தது.

முதல் முறை போனபோது எல்லாம் தகரக் கொட்டகையில் இருந்தன. இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்பதால் வெளியே வைத்தான், அது நல்ல எண்ணம்தான். பெரிய பூட்டும் போட்டிருந்தான். ஆனால் பூட்டைப் பார்த்தவன் வெயிலைப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டோம். ஆகஸ்ட் மாதப் பிற்பகலில் 54 டிகிரி செல்சியஸ் காட்டியது. எனக்கே மூச்சு முட்டியது.

புகையில்லாப் பவுடர் என்பது அடிப்படையில் நைட்ரோசெல்லுலோஸ். சில வகைகளில் நைட்ரோகிளிசரினும் சேர்ந்திருக்கும். அது சும்மா இருக்கும்போதே மெல்ல மெல்லச் சிதையும், வெப்பம் கூடினால் வேகமாகச் சிதையும். சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் மீதியையும் சேர்த்து அரிக்கும். அவற்றைப் பிடித்து வைக்கத்தான் தயாரிக்கும்போதே டைஃபெனிலமைன் போன்ற ஒன்றைக் கலக்கிறார்கள். அது தீர்ந்த பிறகு பவுடருக்குக் காவல் இல்லை. அவனிடம் அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்த பழைய தகர டின் ஒன்று இருந்தது. மூடியைத் திறந்தோம். நல்ல பவுடரில் கரைப்பான் வாசனை லேசாக வரும். இதில் மூக்கை அரிக்கும் புளித்த நெடி. மூடியின் உட்பக்கம் துரு, மேலே செம்பழுப்புத் தூசி. அன்றைக்கு மாலையே உற்பத்தியாளரின் அறிவுரைப்படி அதை அப்புறப்படுத்தினான். ஒரு மணி நேரம் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

2019இல் எல்லாவற்றையும் ஒரு பழைய ராணுவ இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தான், ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக மூடும் வகை. "அத்தான், இதுல ஒரு சொட்டு ஈரம் போகாது" என்றான் பெருமையாக. தோட்டாவுக்கு அது சரியான பெட்டி. பவுடருக்கு அதுதான் தப்பான பெட்டி. திறந்த வெளியில் பற்றிக்கொண்டால் பவுடர் வேகமாக எரிந்து முடியும், அவ்வளவுதான். இறுக்கமான இரும்புக்குள் பற்றிக்கொண்டால் அழுத்தம் போக வழியில்லாமல் பெட்டியே குண்டாகிவிடும். அதனால் பவுடர் வைக்கும் பெட்டி சூட்டைத் தடுக்க வேண்டும், ஆனால் உள்ளே அழுத்தம் வந்தால் சீக்கிரம் விட்டுக்கொடுக்க வேண்டும். அமெரிக்கத் தீத்தடுப்பு விதியான என்எஃப்பிஏ 495 இதைத்தான் சொல்கிறது. வீட்டில் 20 பவுண்டு வரை, அதாவது 9 கிலோ சொச்சம், வந்த டப்பாவிலேயே வைக்கலாம். அதற்கு மேல் 50 பவுண்டு வரை என்றால் ஓர் அங்குலத் தடிமன் பலகையில் செய்த மரப்பெட்டி வேண்டும். பிரைமருக்கு 10,000 என்று தனி வரம்பு.

இப்போது அவன் வைத்திருப்பது மரப்பெட்டிதான். வீட்டின் வடக்குப் பக்க நிழலில், சுவரைத் தொடாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். பவுடர் ஒரு பெட்டி, பிரைமர் வேறு பெட்டி, இரண்டுக்கும் நடுவே நல்ல தூரம். பிரைமரை மட்டும் டப்பா மாற்றி ஜாடியில் கொட்டி வைக்கவே கூடாது. ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தட்டுதான் அதற்குப் பாதுகாப்பு. மொத்தமாகக் கிடந்தால் ஒன்றின் அதிர்ச்சி மற்றதையும் கிளப்பிவிடும். இதில் அவன் ஆரம்பத்திலிருந்தே சரியாக இருந்தான், அந்தப் புகழை அவனுக்குக் கொடுக்க வேண்டும்.

கொட்டகையில் இன்னொரு தவறும் நடந்தது, அதை நான்தான் கண்டுபிடித்தேன். வெண்டைக்காயும் முருங்கையும் போட்டிருக்கிறான், அதற்கு கோழி எரு மூட்டை. அந்த மூட்டைக்கு மேல் தட்டில்தான் பித்தளைக் கூடுகள் இருந்தன. கழுத்துப் பகுதியில் மயிரிழை போல விரிசல். அமோனியா பட்டால் இறுக்கத்தில் இருக்கும் பித்தளை இப்படி வெடிக்கும். இது நம் பக்கத்துக் கதையும்கூட. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தபோது கூடுகள் தானாக விரிசல் விட்டன. மழைக்கால நோய் என்றே நினைத்தார்கள். குதிரை மூத்திரத்தின் அமோனியாதான் காரணம் என்று 1921இல்தான் தெளிவானது. மச்சினனிடம் சொன்னேன், "உன் கோழி குதிரை வேலை பார்க்குது." மூட்டை அன்றே இடம் மாறியது. அதற்குப் பிறகு வந்த கூடுகளில் விரிசல் இல்லை.

அவன் ஒரு முறை பொங்கோல் வந்திருந்தபோது எங்கள் பாம் ஷெல்டரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். 1990களின் இறுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக ஒரு சின்ன அறை இருக்குமே, அதுதான். எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் அதில் அரிசி மூட்டை, பழைய மின்விசிறி, கொலு பொம்மை. "இப்படி ஒரு அறை எனக்கு இருந்தா!" என்றான். இங்கே வைத்தால் பிரம்படி என்பது ஒரு பக்கம். உனக்கு வேண்டியது அழுத்தம் வந்தால் திறந்துகொள்ளும் பெட்டி, இது திறக்கவே கூடாது என்று கட்டிய அறை என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சிரித்தான்.

திரும்பி எங்கள் ஆர்மரிக்கு வருகிறேன். அங்கே வெப்பம் பிரச்சினையே இல்லை, ஏர்கான் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்தான் பிரச்சினை. முதல் வருடம் தோட்டாப் பெட்டியை வாங்கியவுடன் சுடுதளத்தில் திறந்துவிடுவேன். சிங்கப்பூர்க் காற்றின் ஈரம் உங்களுக்குத் தெரியும். குளிர்ந்த உலோகத்தில் அந்தக் காற்று பட்டவுடன் ஐஸ் காப்பித் தம்ளர் போல வியர்த்துவிடும். மீதமான தோட்டாக்களை அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் சிலவற்றில் பச்சை பூத்திருந்தது. இப்போது பெட்டியை மூடியபடியே மேசையில் வைத்துவிட்டு, காலணி மாற்றி, வெற்றுக் கையால் 20 நிமிடம் பயிற்சி செய்துவிட்டுத்தான் திறக்கிறேன். அதன் பிறகு பச்சை வரவில்லை. ஈயமுனையின் மேல் பூசியிருக்கும் மெழுகும் ஒரே சீராக இருக்கிறது.

வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் ஒரு டிரை கேபினட், அதாவது ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி, வாங்கினேன், கேமராக்காரர்கள் வைத்திருப்பது போல. 45 விழுக்காடு ஈரப்பதத்தில் ஓடுகிறது. கைப்பிடித் தோல், கண்ணாடி லென்ஸ் இரண்டிலும் பூஞ்சை நின்றது. ஏழு வருடத்தில் ஒரு பழுது. பயனுள்ள செலவு. இதில் பவுடரையும் வைக்கலாமே என்று மச்சினன் கேட்டான். கூடாது. பவுடரை அளவுக்கு மேல் உலர்த்தினால் எரியும் வேகம் கூடிவிடும், அவன் அளந்து வைத்த கணக்கெல்லாம் தப்பாகும். அதனால் சிலிக்கா ஜெல் பையையும் பவுடர் டப்பாவுக்குள் போடுவதில்லை.

ஒரு நாடே இதே கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னது என்று பார்க்க வேண்டுமென்றால் சிங்கப்பூரின் மண்டாய் வட்டாரம் இருக்கிறது. 2008இல் அங்கே பழைய கல்குவாரிக்கு அடியில், கிரானைட் பாறைக்குள் ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்கு திறக்கப்பட்டது. வெடிமருந்து என்றால் சுற்றிலும் பாதுகாப்புத் தூரம் விட வேண்டும், நம்மிடம் இல்லாததே அந்தத் தூரம்தான். பூமிக்குள் போனதால் மேலே 300 ஹெக்டேர் நிலம் மிச்சம். பாறையே சூட்டைத் தடுப்பதால் குளிரூட்டும் செலவும் குறைவு. மச்சினனின் வடக்குப் பக்க நிழலும் இதுவும் ஒரே யோசனைதான், அளவுதான் வேறு.

ஆனால் 11 வருடத்தில் என்னை உண்மையிலேயே உலுக்கியது வெப்பமும் ஈரமும் இல்லை, எண்ணிக்கை. எங்கள் கிளப்பில் 50 வாங்கினால் சுட்டதும் மீந்ததும் சேர்ந்து 50 வர வேண்டும், வெற்றுக் கூடுகள் உட்பட. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் சுட்டு முடித்ததும் வரிசையில் நின்று, என்னிடம் தோட்டாவோ வெற்றுக் கூடோ எதுவும் இல்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கலைவோம். அந்தப் பழக்கம் உள்ளவனுக்கு இது புதிதில்லை. 2018இல் ஒரு சனிக்கிழமை எனக்கு 49தான் வந்தது. சுடுதளமே நின்றுவிட்டது. பெருக்கினோம், மணலைச் சலித்தோம், என் பை, சட்டைப்பை, காலணி, காதடைப்பான் உறை எல்லாம் கவிழ்த்தோம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, ஆனால் யாரும் வீட்டுக்கும் போகவில்லை. ஒரு பெரியவருக்குப் பேத்தியின் பிறந்தநாள் விருந்து, அவரும் முட்டி போட்டுத் தேடினார்.

நாற்பது நிமிடம் கழித்து அது கிடைத்தது. பக்கத்துத் தடத்தில் நின்ற பெண்மணியின் திறந்திருந்த கைப்பையில், டிஷ்யூ பாக்கெட்டுக்கும் ஈசிலிங்க் பயண அட்டைக்கும் நடுவில். சூடாகத் தெறித்த கூடு நேராக அதற்குள் விழுந்திருக்கிறது. அவர் அதைக் கவனிக்காமல் எம்ஆர்டி ஏறியிருந்தால் என்று நினைத்து இருவரும் வெளிறிப்போனோம்.

அன்றிலிருந்து என் பக்கத்தில் யார் நின்றாலும் முதலில் பையின் ஜிப்பைப் போடச் சொல்கிறேன். கடைசியாக டெக்சாஸ் போனபோது மச்சினன் பித்தளைக் கூட்டில் செய்த சாவிக்கொத்து ஒன்றைப் பரிசாக நீட்டினான். சாங்கி விமான நிலையத்தில் நின்று அதற்கு விளக்கம் சொல்லும் ஆசை எனக்கில்லை என்று சொல்லி, அவன் வீட்டுச் சாவியிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.